தசைநாணும் மூட்டுநாரும்: சாரல் காலத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை



சாரல் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் விருந்தாளிகள் கூட்டம்தான். சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் கூட்டிப் போகாமல் இருக்க முடியாது. பாசி படிந்த பாறையில் கால் வழுக்கி, கணுக்கால் புரண்டு, நொண்டிக்கொண்டே வீடு திரும்புகிறவர்கள் ஒவ்வொரு சீசனிலும் இருக்கிறார்கள். வாசலில் கால் வைக்கும் முன்பே தீர்ப்பு தயாராகிவிடும். "நரம்பு புரண்டிருக்கு, நல்லா எண்ணெய் போட்டு உருவி விட்டா சரியாயிரும்" என்பார் பெரியம்மா. "இல்ல, ஜவ்வு விலகியிருக்கும்" என்பார் பக்கத்து வீட்டு மாமா.

இந்த இரண்டு சொற்களுக்குள் நாம் அடைத்து வைத்திருக்கும் சங்கதிகள் ஏராளம். முதுகில் தட்டு பிதுங்கினாலும் ஜவ்வு, முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்தாலும் ஜவ்வு, கணுக்கால் சுளுக்கினாலும் ஜவ்வு. கெண்டைக்காலில் தசை இழுத்துக்கொண்டால் நரம்பு, விரல் மடங்காவிட்டாலும் நரம்பு. பேச்சு வழக்கில் இருந்துவிட்டுப் போகட்டும். வைத்தியம் என்று வரும்போது இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பொறுத்திருந்தால் ஆறிவிடக்கூடிய காயத்தை உருவிக் கெடுப்பதும், ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாத காயத்தை "ஆறட்டும்" என்று விட்டுவிடுவதும் இதனால்தான். எங்களிடம் மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களில் இந்த இரண்டு வகையினரையும் பார்க்கிறோம்.

முதலில் பொருளைக் கண்ணால் பார்த்துவிடுவோம். அதற்கு நம் அடுப்படியே போதும். பாயாவுக்கு வாங்கிய ஆட்டுக்காலைச் சுத்தம் செய்யும்போது, தோலுக்கு அடியில் எலும்பை ஒட்டியே நீளவாக்கில் ஓடும் வெள்ளை நிறக் கயிறுகளைப் பார்த்திருப்பீர்கள். வழவழவென்று, பட்டு நூல் முறுக்கியது போல மினுங்கும். ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தால் குளம்பு அசையும். அதுதான் தசைநாண். டாக்டர்கள் டெண்டான் என்பார்கள். இனி காலை மூட்டில் பிரித்துப் பாருங்கள். இரண்டு எலும்புகளின் முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை எளிதில் உள்ளே விடாமல் தடுக்கும் குட்டையான பட்டைகள் சில இருக்கும். அவை லிகமென்ட்கள்.

உண்மையான நரம்பு இவை இரண்டும் இல்லை. நரம்பு மென்மையானது. மூளையிலிருந்து செய்தி கொண்டுபோவதும், வலியையும் சூட்டையும் திரும்பக் கொண்டுவருவதும் அதன் வேலை. அது எதையும் இழுப்பதுமில்லை, கட்டுவதுமில்லை.

லிகமென்டைத் தமிழில் தசைநார் என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு திருப்தி இல்லை. தசைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது, தசைநாண் என்ற சொல்லோடும் எளிதில் குழம்பிவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் அதை மூட்டுநார் என்றே சொல்லிக்கொள்வோம். தசையை எலும்போடு இணைப்பது நாண். ஓர் எலும்பை அடுத்த எலும்போடு இணைப்பது நார்.

நாண் என்ற பெயர் பொருத்தமானது. வில்லின் நாணைப் போல அது இழுவிசையைக் கடத்துகிறது. உங்கள் வலது கையின் முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையை வைத்துக்கொண்டு வலது கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். விரல் அசையும்போது துடிப்பது முன்கை. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனி வரை நீளமான நாண்கள் வருகின்றன. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவது போல, விரலின் உட்புறத்தில் உள்ள சிறு வளையங்களுக்குள் அவை வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. தஸ்பீஹ் மணியை உருட்டும் நுணுக்கமான அசைவுக்கும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் பிடிக்கும் இந்த ஏற்பாடுதான். தசைகளை எல்லாம் விரலிலேயே வைத்திருந்தால் விரல்கள் எவ்வளவு தடிமனாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுப்ஹானல்லாஹ்!

நாணின் வலிமையைப் பார்க்க வேண்டுமானால் கசாப்புக் கடைக்குப் போகலாம். ஆட்டின் பின்னங்காலில், எலும்புக்கும் பின்புற நாணுக்கும் நடுவே கீறி, அதில் கொக்கியை மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். முழு ஆட்டின் எடையும் அந்த நாணில்தான் தொங்குகிறது. நமக்கும் அதே இடத்தில், குதிகாலுக்கு மேலே, விரல்களால் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு கனமான நாண் இருக்கிறது. அக்கிலீஸ் நாண் என்பது அதன் பெயர். மனித உடலில் உள்ள நாண்களில் அதுவே மிகப் பெரியது.

மூட்டுநார் இழுக்காது. மூட்டு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை வைப்பதே அதன் வேலை. கதவு திறக்கிறது, மூடுகிறது. ஆனால் நிலையை விட்டுக் கழன்று வருவதில்லை என்றால் அதற்குக் கீல் காரணம். முழங்கால் முன்னும் பின்னும் மடங்கி, பக்கவாட்டில் சாயாமல் இருப்பதற்கு மூட்டுநார்கள் காரணம். அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூட்டு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியை அவற்றில் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இருட்டில் படி இறங்கும்போது நாம் தடுமாறாமல் இருப்பதில் இதற்கும் பங்குண்டு.

இரண்டும் பெரும்பாலும் கொலாஜன் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. பாயாவைக் கொதிக்க வைத்தால் பிசுபிசுப்பாக வருவதும், ஆறியதும் உறைவதும் அந்தக் கொலாஜன் கரைந்ததால்தான். இரண்டுக்கும் இரத்த ஓட்டம் குறைவு, அதனால்தான் வெள்ளையாக இருக்கின்றன. காயம் ஆறத் தசையை விட அதிகக் காலம் எடுத்துக்கொள்வதற்கும் அதுவே காரணம். (பாயா குடித்தால் கிழிந்த நார் நேரே போய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் உண்டு. குடித்த கொலாஜன் வயிற்றில் செரித்து மற்ற புரதத்தைப் போலத்தான் உடலில் சேரும். ருசிக்காகக் குடியுங்கள்.)

இனி அருவிக்கரைக்கு வருவோம். வழுக்கும்போது பாதம் பெரும்பாலும் உள்பக்கமாக மடங்கும். அப்போது இழுபடுவது கணுக்காலின் வெளிப்பக்கத்து நார்கள். வெளிக்கணு எலும்பிலிருந்து பாதத்துக்கு மூன்று நார்கள் போகின்றன. அவற்றில் முன்புறம் இருப்பதுதான் முதலில் அடிபடும். நாம் சுளுக்கு என்று சொல்வது அநேகமாக இதைத்தான். அதில் புரண்டதும் இல்லை, விலகியதும் இல்லை. நாரின் இழைகள் இழுபட்டிருக்கின்றன, அல்லது கொஞ்சம் கிழிந்திருக்கின்றன, அல்லது முழுவதும் அறுந்திருக்கின்றன. உள்ளே இரத்தம் கசிவதால் வீங்குகிறது. இரண்டாம் நாள் நீலம் பூப்பதும் அந்த இரத்தம்தான்.

இந்த நேரத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் என்ன ஆகும்? கிழிந்த இழைகள் மேலும் இழுபடும், கசிவு கூடும். வெந்நீர் ஒத்தடமும் முதல் இரண்டு நாட்களில் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது சுகமான காரியம்தான், நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. உடம்பு வலிக்கு அது இதமாக இருக்கும். புதிதாகச் சுளுக்கிய காலோடு அதைச் செய்ய வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறோம். "உருவி விட்டதும் நடந்தேனே" என்று சிலர் கேட்பார்கள். இலேசான சுளுக்கு உருவாவிட்டாலும் சில நாட்களில் நடக்க விட்டிருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸ் கட்டிகளை மெல்லிய துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளில் சில தடவை வையுங்கள். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐஸே வைக்க வேண்டாம். கிரேப் பேண்டேஜை இறுக்கமில்லாமல் சுற்றுங்கள். படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாட்கள் கழித்து வலி பொறுக்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பதும் தவறுதான், மூட்டு இறுகிப்போகும். நடக்க வந்த பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட காலில் மட்டும் நின்று பழகுவது நல்லது. நாரோடு சேர்ந்து மேலே சொன்ன செய்தி அனுப்பும் முனைகளும் அடிபட்டிருக்கும். அவற்றைப் பழக்காவிட்டால் அதே கால் திரும்பத் திரும்பப் புரளும்.

எலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு, கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட ஒரு விதி இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அடிபட்டவுடனும், பிறகு மருத்துவமனையிலும் நான்கு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்புகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடுப்பாதத்தின் எலும்புகளுக்கும் இதுபோல ஒரு சோதனை இருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு. நாரும் நாணும் அதில் தெரியாது. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்றால் எலும்பு முறியவில்லை என்றே பொருள். மூன்று வாரமாகியும் கால் ஊன்ற முடியாமல் இருக்கிறவரைப் பார்த்து, "எக்ஸ்ரேயிலயே ஒண்ணும் இல்லையே, ஏன் நடிக்கிறே" என்று வீட்டார் கேட்பது அநியாயம். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கேன் தேவைப்படலாம்.

கட்டுப் போடுகிறவரிடம் போயிருந்தால், கட்டிய பிறகு கால் விரல்களைக் கவனியுங்கள். விரல்கள் குளிர்ந்து, நீலமாகி, மரத்துப்போனால் அந்த நிமிடமே கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொழுகையைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. அத்தஹிய்யாத்து இருப்பில் கணுக்கால் நன்றாக மடங்கும், முழங்காலும் முழுவதுமாக மடங்கும். சுளுக்கிய காலை வருத்தி அப்படி உட்கார வேண்டியதில்லை. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை நமக்குத் தெரிந்ததுதான். முடிந்த வகையில் அமரலாம், நாற்காலியில் தொழலாம். அவிழ்க்கக் கூடாத கட்டு இருந்தால் ஒளூவின்போது அதன் மேல் மஸஹ் செய்வதற்கும் வழி இருக்கிறது. விவரத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழங்கால் கொஞ்சம் வேறு. அதன் பக்கவாட்டில் உள்ள நார்கள் கிழிந்தால் பெரும்பாலும் தாமாக ஆறும். நடுவில் குறுக்காக இருக்கும் இரண்டில் முன்புற நார் அறுந்தால் அநேகமாகத் தானாக ஒட்டாது. ஈரத் தரையில் பந்து விளையாடும் நம் பையன்களுக்கு வருவது இதுதான். சட்டென்று திரும்பும்போது "டப்" என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், பிறகு நடக்கும்போது கால் திடீரென்று விட்டுப்போவது. கிரிக்கெட் வீரர் ரிஷப் பண்ட் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் முழங்கால் லிகமென்ட் கிழிந்து, 2024 மார்ச்சில்தான் மறுபடி மைதானத்துக்கு வந்தார். நல்ல சிகிச்சையும் கவனிப்பும் கிடைத்தவருக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அறுந்த முன்புற நாருக்குப் பதிலாக அறுவை சிகிச்சையில் வைப்பது எதை என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அதே நோயாளியின் தொடையிலிருந்தோ முழங்காலின் முன்புறத்திலிருந்தோ எடுத்த நாண் துண்டைத்தான். இழுத்துக்கொண்டிருந்த நாண் மூட்டுக்குள் போய், மாதங்கள் செல்லச் செல்ல நாராகவே மாறிவிடுகிறது.

மூட்டுநார் விஷயத்தில் "பொறு, தொடாதே" என்றோம். நாண் வெட்டுப்பட்டால் இதற்கு நேர்மாறு. ஹஜ்ஜுப் பெருநாளன்று இதை நினைவில் வைத்திருப்பது அவசியம். குர்பானி இறைச்சியை வெட்டும்போது கொழுப்புப் பிசுக்கில் பிடி வழுக்கி, கத்தி விரலிலோ உள்ளங்கையிலோ பாய்கிறது. வெளியே பார்த்தால் அரை அங்குலக் காயம்தான். தோலுக்குக் கொஞ்சம் கீழேயே நாண் இருப்பதால் அதுவும் அறுந்திருக்கலாம். ஒரு சகோதரர் இப்படிக் காயம்பட்டு, தையல் போட்டு, புண்ணும் அழகாக ஆறி, மூன்று மாதம் கழித்து எங்களிடம் வந்தார். ஆள்காட்டி விரல் மடங்கவே இல்லை. அவர் தையல் தொழிலாளி. தைத்தது தோலை மட்டும்.

அறுந்த நாண் பொறுத்திருந்தால் சேராது. காரணம் எளிது: அதன் மறுமுனையில் தசை இருக்கிறது, தசை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். வெட்டிய ரப்பரைப் போல நாணின் முனை உள்ளங்கை வரைகூடப் பின்வாங்கிவிடும். முதல் சில நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் விரல் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வாரங்கள் போய்விட்டால் தசை சுருங்கி, நாண் ஓடும் பாதையும் அடைந்துபோகும். பிறகு வேறு இடத்து நாணை எடுத்து வைத்து, சில சமயம் இரண்டு முறை அறுவை செய்ய வேண்டிவரும்.

ஆகவே கையில் கத்தி பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்க முடிகிறதா, நுனியில் தொட்டால் உணர்கிறதா என்று பாருங்கள். மடங்காவிட்டால் நாண், மரத்திருந்தால் நரம்பு. உண்மையான நரம்பு. மடங்கினாலும் வலித்தால் பாதி அறுந்திருக்கலாம். தைக்கிற டாக்டரிடம் "நாணும் நரம்பும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தேவைப்பட்டால் தென்காசியிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அன்றே போய்விட வேண்டும். தைத்த பிறகும் சுமார் 12 வாரத்துக்குக் கனமான வேலை கூடாது. பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகாதவர்களுக்கு அறுவை நன்றாக நடந்தும் விரல் இறுகிப்போவதுண்டு.

குதிகால் நாண் அறுவதற்குக் கத்தி வேண்டியதில்லை. நாற்பது வயதில், பல வருடம் விளையாடாதவர் பெருநாள் விடுமுறையில் பையன்களோடு ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அதன் பிறகு அந்தக் கால் நுனியில் எழும்பி நிற்க முடியாது. நாண் முழுதாக அறாமல் நாட்பட்டு நைந்துபோவதும் உண்டு. 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட் எடுத்து முதலிடத்தில் இருந்த முகமது ஷமி, அடுத்த பிப்ரவரியில் அக்கிலீஸ் நாணுக்கு அறுவை செய்துகொண்டார். மறுபடி பந்து வீச நவம்பர் வரை ஆயிற்று.

இந்த நாணுக்கு மருந்துக் கடையிலிருந்தும் ஆபத்து வருகிறது. வயிற்றுப்போக்கு என்றதும் சீட்டு இல்லாமல் சிப்ரோபிளாக்சசின், ஆப்லாக்சசின் வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. இந்த வகை மருந்துகள் நாண்களில் அழற்சியையும் சில சமயம் அறுபடுதலையும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-லேயே அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆஸ்துமா, மூட்டுவலி போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து அதிகம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிட வேண்டியதுதான். சாப்பிடும் நாட்களில் குதிகாலுக்கு மேலே வலித்தால் அன்றே அவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக நம் பெண்களின் கை. பீடி சுற்றும் சகோதரிகள் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்காகக் காலையிலிருந்து இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பீடியிலும் கட்டைவிரல் உருட்டியாக வேண்டும். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு நாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. இப்படி ஓயாமல் உரசினால் உறை தடித்து, நாண் ஓட இடமில்லாமல் வலிக்கும். சுவிஸ் நாட்டு மருத்துவர் டி கெர்வேன் 1895-ல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் இது வரும். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால் சந்தேகப்படலாம்.

இதைப் பலர் "வாய்வு" என்று தைலம் தடவியே வருடங்களைக் கடத்துகிறார்கள். ஆரம்பத்தில் வந்தால் கட்டைவிரலுக்குப் பட்டை போட்டுச் சில வாரம் ஓய்வு கொடுத்தாலே குறையும். குறையாவிட்டால் உறைக்குள் ஓர் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவை. சில வார ஓய்வு என்பது ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவு என்பதும் நமக்குத் தெரியும். அதனால் வேலையை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை விட்டு விரல்களை விரித்து மூடுங்கள். இலை வெட்டுவதையும் சுருட்டுவதையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976-ல் இயற்றப்பட்டது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனையும் இருக்கிறது. போகும்போது தொழிலாளர் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அட்டை எடுக்காத சகோதரிகள், இந்த மாதமே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.